முன்கையில் இரண்டு வட்டங்கள்

முன்கையை மல்லாத்தி மேசைமேல் வைக்கச் சொல்லி, நீல மைப் பேனாவால் இரண்டு வட்டங்கள் போடுகிறார் நர்ஸ். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. நடுவே நான்கு விரல் இடைவெளி. மேல் வட்டத்துக்குள் வெறும் உப்புத் தண்ணீர், கீழ் வட்டத்துக்குள் நூறு மடங்கு நீர்த்த சீரம். இரண்டையும் மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் வட்டத்துக்கொரு சொட்டாக ஏற்றிவிட்டு, ஊசியை மஞ்சள் டப்பாவில் போடும்போதே இடது கையால் கோழி வடிவக் கடிகாரத்தைத் திருகிவிடுகிறார். முட்டை வேகவைப்பவர்களுக்காகச் செய்த கடிகாரம் அது. இருபது நிமிடம் கழித்துக் கிணுகிணுக்கும். அதுவரை அந்த இடத்தைச் சொறியக்கூடாது, தேய்க்கக்கூடாது, முக்கியமாக, உற்றுப் பார்க்கக்கூடாது.

“நீங்க முறைச்சுக்கிட்டே இருந்தா அது கூச்சப்படும். விடுங்க. தோல் பேசட்டும்.”

அன்று பேச வேண்டியது என் தோல். கெண்டைக்காலில் ஒரு தெருநாய் பல் பதித்திருந்தது. தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றிச் சீரமும் போடவேண்டும் என்று சொல்லி, தொற்றுநோய்ப் பிரிவின் ஊசி அறைக்கு அனுப்பியிருந்தார்கள். கதவில் எந்தப் பெயர்ப்பலகையும் இல்லை. ஆனால் வாசலில் துடைத்துக்கொண்டிருந்த ஆயாவிடம் வழி கேட்டபோது, “வட்டக்காகிட்டயா? நேரா போங்க” என்றார். மருத்துவமனையில் அந்த நர்ஸை யாரும் வேறு பெயரில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரிய டாக்டர்கூட வட்டக்கா என்றுதான் கூப்பிடுகிறார், அவரைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தும்.

வட்டக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. குள்ளம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல் நின்றுகொண்டுதான் வேலை செய்கிறார். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். சுவரில் ஒரு கடிகாரம், மேசையில் அந்தக் கோழி. மூன்றும் இருபது நிமிடத்தை ஒரே மாதிரி அளப்பதில்லை. எதை நம்புவீர்கள் என்று கேட்டதற்கு, “மூணுல ரெண்டு எதைச் சொல்லுதோ அதை” என்றார்.

சீரம் என்றால் என்ன என்று அவர் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் விளக்குகிறார். விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழக்குவார்கள். குதிரையின் ரத்தம் அதற்கு முறிவு தயாரித்துவிடும். அந்த ரத்தத்தை எடுத்துத் தெளியவைத்துச் சுத்தம் செய்து குப்பியில் அடைத்தால் சீரம். “மருந்து நல்ல மருந்துதாங்க. ஆனா உங்க உடம்புக்கு அது வேத்தாளு. வேத்தாளு வந்தா சில வீட்டுல காபி குடுப்பாங்க, சில வீட்டுல அடிக்க வருவாங்க. உங்க வீடு எப்படின்னு முன்னாடியே கேட்டுக்கறோம், அவ்வளவுதான்.” அடிக்க வருவதென்றால் தடிப்பு, மூச்சிரைப்பு, சிலருக்கு நாடியே இறங்கிவிடும்.

அதற்குமுன் வாய்க்கேள்வி உண்டு. மூச்சிழுப்பு இருக்கிறதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, குதிரைப் பக்கம் போனால் தும்மல் வருமா. கடைசிக் கேள்விக்கு நான் சிரித்துவிட்டேன். “நான் குதிரையை நேரில் பார்த்தே பத்து வருஷம் ஆச்சே” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. போன வருஷம் ஒருத்தர் ஆமான்னாரு. நான் பேனாவையே கீழ போட்டுட்டேன். பந்தயக் குதிரைக்குப் புல்லு போடறவராம். முப்பது வருஷமா தும்மிக்கிட்டே போட்டிருக்காரு.”

கோழி கிணுகிணுத்தது. பிளாஸ்டிக் அளவுகோலை வட்டத்தின்மேல் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். என் தோல் ஒன்றும் பேசவில்லை. “நெகட்டிவ்” என்று சீட்டில் எழுதினார். நான் நிம்மதியாக மூச்சு விட்டதைக் கவனித்தவர், “அப்படி ஒரேயடியா நம்பிடாதீங்க. அரை மணி நேரம் இங்கயே உட்காருங்க” என்றார்.

டெஸ்ட் செய்பவரே டெஸ்டை நம்பவில்லையா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

“ஒரு லாரி டிரைவர் வந்தாரு. ரெண்டு வட்டமும் கழுவி விட்ட மாதிரி சுத்தமா இருந்துச்சு. மருந்து ஏத்தி பத்தே நிமிஷம், முகம் பூசணிக்கா மாதிரி வீங்கிடுச்சு. எப்படியோ இழுத்துப் பிடிச்சோம். அடுத்த மாசமே பெயின்ட் அடிக்கறவர் ஒருத்தர். வட்டத்துக்குள்ள இட்ட சொட்டு வட்டத்தைத் தாண்டி ஓடுது, அவ்வளவு வீக்கம். வேற வழியில்லன்னு பயந்து பயந்து ஏத்தினோம். அவரு பாட்டுக்கு மாத்திரை கேட்டு வாங்கிக்கிட்டு வீட்டுக்கு நடந்து போனாரு. இப்ப சொல்லுங்க, என்னன்னு நான் நம்பறது?”



அவருடைய குழப்பத்தை அதிகமாக்குவதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. அந்த மருத்துவமனையில் நாய்க்கடிச் சீரத்துக்கும், தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்து மூச்சை அடைக்கிற தொண்டை அடைப்பான் நோய்க்கான சீரத்துக்கும் டெஸ்ட் உண்டு. பாம்புக்கடிச் சீரத்துக்கு முன்பு உண்டு, எட்டு வருடமாக இல்லை. வேண்டாம் என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. ஏன் என்று அவர் ஒவ்வொரு டாக்டராகக் கேட்டிருக்கிறார். பாம்புச் சீரத்தால் வருகிற ஒவ்வாமை பெரும்பாலும் தோல் காட்டிக்கொடுக்கிற வகை அல்ல என்றார் ஒருவர். காத்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் விஷம் ஏறுகிறது என்றார் இன்னொருவர். சில இடங்களில் தொண்டைக்கே நிறுத்திவிட்டார்கள், இங்கேதான் இன்னும் செய்கிறோம் என்றார் வார்டின் இளம் டாக்டரம்மா.

“ரெண்டும் ஒரே குதிரை தானே டாக்டர்” என்று வட்டக்கா அப்போது கேட்டாராம்.

“ஒரே குதிரை இல்லக்கா, வேற வேற குதிரை” என்றாராம் டாக்டரம்மா. வார்டே சிரித்ததாம். “நானும் சிரிச்சேன். ஆனா பதில் வரல பாருங்க” என்றார் வட்டக்கா.

வீட்டிலும் அவர் இப்படித்தான். புதிதாக எது வாங்கினாலும் முதல் நாள் துளியூண்டு, மறுநாள் கொஞ்சம், மூன்றாம் நாள்தான் முழுசாக. சோப்பானாலும் சரி, பழமானாலும் சரி. பள்ளி வேன் ஓட்டுகிற அவருடைய வீட்டுக்காரர், மனைவியை அழைத்துப்போக வந்த ஒரு மாலையில் என்னிடம் சொன்னார்: “கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் ஒரு சொட்டு போட்டுப் பார்த்திருக்கணும், சார். இவ அவசரப்பட்டுட்டா.” வட்டக்கா வேனில் ஏறிக்கொண்டே, “போட்டுப் பார்த்திருந்தா நெகட்டிவ்னுதான் வந்திருக்கும். அப்புறந்தான் வீங்கியிருக்கும்” என்றார்.

பாம்புக்கடிக்கு டெஸ்ட் நின்றுபோனதில் அவருக்கு இருக்கிற அக்கறை வேலை சம்பந்தப்பட்டது மட்டுமல்ல என்று அவரே சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

பத்து வருடங்களுக்குமுன் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அவருடைய அப்பாவை அதே ஊசி அறைக்குத் தூக்கி வந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் விறகை அடுக்கி வைக்கும்போது பாம்பு கடித்திருக்கிறது. அப்போது விதி, டெஸ்ட் செய்துவிட்டுத்தான் மருந்து. வேறொரு நர்ஸ் செய்யட்டும் என்று சொல்லியிருக்கலாம். தன் கைதான் நிதானமான கை என்று அவரே செய்தார். அப்பாவின் முன்கையில் வட்டம் போட்டார், கோழியைத் திருகினார், காத்திருந்தார். கீழ் வட்டம் தெளிவாக வீங்கியது. “பாசிட்டிவ்” என்றார். டாக்டர் தயங்கினார். வெளியூரில் இருந்த பெரிய டாக்டருக்குப் போன் போட்டார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றத் தொடங்கினார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அப்பா போய்விட்டார்.

அவருக்கு ஒரு தங்கை உண்டு. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டிகளை அறிவிக்கிற வேலை. அன்றைக்குத் தங்கை அக்காவின் தோளில்தான் சாய்ந்து அழுதாள். இரண்டு வருடம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது: பாம்புக்கடிக்குத் தோல் டெஸ்ட் வேண்டாம், அது எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நேரம்தான் வீணாகிறது.

“அதை அவளா தெரிஞ்சுக்கல. நான்தான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்” என்றார் வட்டக்கா.

“ஏன் சொன்னீங்க?”

“அதான் தெரியல. சொல்லாம இருக்க முடியல.”

தங்கை அன்றோடு பேச்சை நிறுத்தினாள். எட்டு வருடமாக வட்டக்கா அவள் குரலைக் கேட்டது பேருந்து நிலையத்தில் மட்டும்தான். வண்டிக்காக நிற்கும்போது தலைக்குமேல் கேட்கும்.

அந்த இருபது நிமிடம்தான் அப்பாவைக் கொண்டுபோனதா என்றும் அவர் டாக்டர்களைக் கேட்டிருக்கிறார். “ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாதாம். ஏழு டாக்டரைக் கேட்டேன். ஏழு பேரும் இதையே வேற வேற மாதிரி சொன்னாங்க.”

இதெல்லாம் அவர் என்னிடம் சொன்னது என் இரண்டாவது தடுப்பூசி நாளில், காலை பதினோரு மணி வாக்கில். சொல்லி முடித்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஆயா ஓடி வந்தார். தொண்டை கேஸ் ஒன்று வந்திருக்கிறது, கழுத்தே காளைமாட்டுக் கழுத்து மாதிரி வீங்கியிருக்கிறது, டாக்டரம்மா உடனே கூப்பிடுகிறார் என்றார். வட்டக்கா முகமூடியை மாட்டிக்கொண்டு தட்டோடு போனார். தனி அறைக் கதவின் கண்ணாடி வழியாக நோயாளியைப் பார்த்தவர், கைப்பிடியில் கை வைத்தபடி அப்படியே நின்றார். உள்ளே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது தங்கை.

வார்டு வராந்தாவில் நின்று நான் பார்த்தது பாதி. மீதியைப் பிறகு டாக்டரம்மாவும் வட்டக்காவும் சொல்லித்தான் தெரியும்.

தங்கைக்குப் பேச்சு வரவில்லை. தொண்டைக்குள் சாம்பல் தோல் உள்நாக்குவரை படர்ந்திருந்தது. மூச்சு விடும்போது விசில்போல ஒரு சத்தம். வட்டக்கா பேனாவின் மூடியைத் திறந்ததும், தங்கை தன் சீட்டை எடுத்துத் திருப்பி, அதே பேனாவைப் பிடுங்கி எழுதினாள்: எனக்கும் வட்டமா?

எட்டு வருடத்துக்குப் பிறகு அவள் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“தொண்டைக்கு இன்னும் உண்டுடி. நான் வேணாம்னா வேற ஆளைக் கூப்பிடறேன்” என்றார் வட்டக்கா. தங்கை கண்ணை மூடிக்கொண்டு கையை மல்லாத்தி நீட்டினாள்.

கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்தாலும் வட்டக்காவின் கை நிதானமாக வேலை செய்வது தெரிந்தது. இரண்டு வட்டம், இரண்டு சொட்டு.  இந்த முறை அவர் தோல் பேசட்டும் என்று சொல்லவில்லை. கோழி கிணுகிணுத்ததும் அளவுகோலை வைத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் முறை பார்த்தார்.

இரண்டு வட்டமும் வீங்கியிருந்தன. சீரம் போட்ட வட்டம் மட்டுமல்ல, வெறும் உப்புத் தண்ணீர் போட்ட வட்டமும், கிட்டத்தட்ட அதே அளவுக்கு. சிலருடைய தோல் அப்படி. நகத்தால் கீறினாலே தடித்துவிடும். அப்படிப்பட்ட தோலிடம் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

“என்னக்கா, பாசிட்டிவா, நெகட்டிவா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“தெரியல டாக்டர்.”

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. கேஸ் ஷீட்டுல எழுதணும்.”

“தெரியலைன்னே எழுதுங்க.”

இருபத்தெட்டு வருட வேலையில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை சீட்டில் ஏறியது அதுதான் முதல் முறை. டாக்டரம்மா பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். பெரிய டாக்டரைக் கேட்டுவிடலாமா என்றார். வட்டக்கா பதில் சொல்வதற்குள் உள்ளே இருந்து அந்த விசில் சத்தம் கேட்டது.

“இதுக்குமேல யாரையும் கேக்க வேணாம் டாக்டர்” என்றார் வட்டக்கா. “பாசிட்டிவ்னே வெச்சுக்குவோம். நீர்த்த மருந்துல இருந்து படிப்படியா ஏத்துங்க, ஆனா இப்பவே ஏத்துங்க. ஒத்துக்காம போனா உடனே போட அட்ரினலினை நான் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன். வீங்கினா வீங்கட்டும், அப்பப் பார்த்துக்கலாம்.”

 டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டார்.

கால் மணி நேரத்துக்கு ஒரு முறை, அளவை ஏற்றி ஏற்றி, சாயங்காலம் வரை போனது அது. வட்டக்கா ஒரு கையில் ஊசி மருந்தையும் மறு கையில் தங்கையின் நாடியையும் பிடித்துக்கொண்டு உட்காராமல் நின்றார். மரப்பலகை ஊசி அறையில் இருந்ததால், கட்டில் உயரத்துக்கு எட்ட, நுனிக்காலில். ஐந்தாவது முறை ஏற்றியபோது தங்கை கழுத்தைச் சொறிந்தாள். முகம் சிவந்தது. விசில் சத்தம் நின்று, மூச்சே வராமல் வாயைத் திறந்தாள். டாக்டரம்மா “அக்கா” என்று சொல்லி முடிப்பதற்குள் மருந்து தொடையில் இறங்கிவிட்டது. தங்கை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கடிகாரப் பட்டை அறுந்து விழுந்தது. இரண்டு நிமிடம். பிறகு மூச்சு திரும்பியது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். ஒரு படி கீழிறங்கி மறுபடி தொடங்கினார்கள். ஐந்தரை மணிக்கு முழு அளவும் உள்ளே போய்விட்டது. மூன்றாம் நாள் சாம்பல் தோல் கழன்று வந்துவிட்டது.

அந்த ஐந்தாவது முறை நடந்தது என்ன? சீரம் ஒத்துக்கொள்ளாமல் வந்ததா, தொண்டை அடைத்ததால் வந்ததா, வெறும் பயமா? டாக்டரம்மா தாளில் ‘ஒவ்வாமையாக இருக்கலாம்’ என்று எழுதி வைத்திருக்கிறார். பெரிய டாக்டர் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். வட்டக்கா அதை எனக்குக் காட்டி, “பாருங்க, இவங்களுக்கும் அப்படித்தான்” என்றார். குரலில் எங்கோ ஒரு ஆறுதல் இருந்தது.

என் நான்காவது ஊசி பதினோரு நாள் கழித்து. அன்றைக்கு வட்டக்கா சாப்பாட்டு இடைவேளையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். தங்கையை முந்தின நாள்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காலையில் உடம்பெல்லாம் தடிப்பும் காய்ச்சலும் மூட்டுவலியுமாகப் படுத்துவிட்டாளாம். சீரம் போட்டுப் பத்துப் பன்னிரண்டு நாளில் சிலருக்கு இப்படி வரும், தானாகவே அடங்கிவிடும், மாத்திரை கொடுத்தால் போதும் என்றார். “இதையும் வட்டம் சொல்லாது. வாங்க, ரெண்டு தெரு தள்ளித்தான். பேசிக்கிட்டே போலாம்.” 

மாடிப்படி ஏறியதும் ஒரே அறை, ஒரு ஜன்னல். அதன் பக்கத்தில் பாயில் தங்கை உட்கார்ந்திருந்தாள். குரல் கரகரவென்று, ஆனால் திரும்பியிருந்தது. என்னை வாசலில் கண்டதும் தலையசைத்தாள். அக்காவைக் கண்டதும் தொடங்கிவிட்டாள்.

“வந்துட்டியா. என்னத்தைப் போட்ட எனக்கு? விரலை மடக்க முடியல. கையைத் தோளுக்கு மேல தூக்க முடியல. சாகாம இருக்கறதுக்கு இவ்வளவு வலியா?”

“ஒரு வாரத்துல போயிடும்டி. இந்தா, மாத்திரை.”

“போகலன்னா?”

“போயிடும்னுதான் நினைக்கறேன்.”

“உனக்கு எதுதான் நிச்சயமாத் தெரியும்?” மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். விழுங்கும்போது முகம் சுளித்தது. “என் ஷீட்டுல தெரியலைன்னு எழுதச் சொன்னியாமே. டாக்டரம்மா சொன்னாங்க.”

“ஆமா.”

“அப்பாவுக்கு அன்னிக்கு என்ன சொன்ன?”

“பாசிட்டிவ்னு சொன்னேன்.”

“தெளிவா இருந்துச்சா?”

“தெளிவாத்தான் இருந்துச்சு” என்றார் வட்டக்கா. “அதனாலதான் இன்னி வரைக்கும் எனக்கு ஒண்ணும் புரியல.”

 கீழே தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள். தங்கை வலியோடு முழங்காலை மடக்கி, அக்காவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். பதினைந்து நாள் வாராத தலை, கழுத்துக்குமேல் ஒரே சிக்கு. பாயின் ஓரத்தில் கிடந்த சீப்பை வீங்கிய விரல்களால் நெம்பி எடுத்து, திரும்பிப் பார்க்காமல், தோளுக்குப் பின்னால் நீட்ட முயன்றாள். கை பாதிதான் வந்தது.

வட்டக்கா பையைக் கழற்றித் தரையில் வைத்தார். பாயில் மண்டியிட்டுச் சீப்பை வாங்கிக்கொண்டார். இழுத்தால் வலிக்காமலிருக்க முடியின் வேரை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சிக்கெடுக்கத் தொடங்கினார்.